மின்சார வண்டியில் வரும் மாவு

அல்சூர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் நான் இட்லி மாவு வாங்கும் கடைக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு குட்டி வண்டி வரும். மின்சார வண்டி, சத்தமே கிடையாது. பக்கவாட்டில் பெரிய பச்சை இலைப் படம். பூமிக்குத் தாங்கள் செய்யும் நன்மையைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம். பெங்களூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் அண்ணாச்சியாகவேதான் இருக்கிறார். பாக்கெட்டுகளை எண்ணி ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், வண்டி புகை விடலைன்னா மாவும் புகை விடலைன்னு ஆயிருமா?"

கிண்டல்தான். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. சின்ன உணவு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எதையும் பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தே பழகிவிட்டது. அவர் கொடுத்த பில்லின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன்.

முன்பு ஓடிய டீசல் வண்டி நாளுக்கு 60 கிலோமீட்டர் சுற்றி 400 பாக்கெட் போட்டதாக வைத்துக்கொள்வோம். டீசல் 6 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக மொத்தம் 16 கிலோ, பாக்கெட்டுக்கு 40 கிராம். மின்சார வண்டி வந்ததால் இந்த நாற்பதும் முழுசாகப் போய்விடவில்லை. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. பாதி போயிற்று என்று தாராளமாகவே எழுதிக்கொள்ளலாம். மிச்சம் 20 கிராம்.

இப்போது பாக்கெட்டுக்குள் பார்ப்போம். தண்ணீரும் உளுந்தும் போக ஒரு கிலோ மாவில் அரிசி 300 கிராம் இருக்கும். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலுக்கு ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி, தெற்காசியாவுக்கென்று ஒரு சராசரி கொடுத்திருக்கிறது. ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிருக்கு ஏக்கர் கணக்கில் 38 கிலோ. நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது ஒரு ஏக்கர், ஒரு போகம், ஒரு டன். அந்த ஏக்கரில் 24 குவிண்டால் நெல், அரைத்தால் 16 குவிண்டால் அரிசி என்று வைத்தால், நம் 300 கிராமின் பங்கு 190 கிராம். இது மீத்தேன் மட்டும். உரம், மோட்டார், வீணாவது எல்லாவற்றையும் சேர்த்து 119 நாடுகளின் 38,700 பண்ணைகளை வைத்து 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, உலக சராசரியாக ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோ அளவில் சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் பாக்கெட் அரிசிக்கு 1,200 கிராம். எந்தக் கணக்கைப் பிடித்தாலும் வண்டி பக்கத்தில்கூட வர முடியாது. மாவு புளித்து பாக்கெட் உப்புகிறதே, அதுவும் கார்பன் டை ஆக்சைடுதான் என்று சிலர் கேட்பார்கள். ஆமாம். ஆனால் அது நெல் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, கணக்கில் சேராது.

புகையைக் குறைப்பதாக வாக்குறுதி கொடுக்கும் கம்பெனிகள் கூரையில் சோலார் போடுகின்றன, வண்டியை மாற்றுகின்றன, பாக்கெட்டின் பிளாஸ்டிக்கை மெலிதாக்குகின்றன. எல்லாம் நல்லதுதான். எல்லாம் கம்பெனி கேட்டுக்கு உள்ளே நடப்பவை, போட்டோ எடுக்க வசதியானவை. புகையின் பெரும்பங்கு கேட்டுக்கு வெளியே, கம்பெனி ஒருநாளும் கால் வைக்காத சேற்றிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது. அங்கே கம்பெனியின் கை எட்டும் ஒரே வழி, அது கொள்முதல் செய்யும் விதம்.

உணவுத் துறையின் புகை மற்ற துறைகளைப் போல இல்லை. சிமெண்ட் ஆலையிலோ மின் நிலையத்திலோ ஒரு புகைபோக்கி இருக்கும், அதன் வாயில் மீட்டர் வைக்கலாம். உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவோடு தொடர்புடையது. அதில் முக்கியமான இரண்டு வாயுக்களுக்குப் புகைபோக்கியே கிடையாது. ஒன்று மீத்தேன். காற்று புகாத சேற்றிலும் மாட்டின் இரைப்பையிலும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மற்றது நைட்ரஸ் ஆக்சைடு. பயிர் எடுக்காமல் மண்ணில் தங்கும் நைட்ரஜன் உரத்திலிருந்து வருகிறது. கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும், நூறு வருஷத்துக்கு மேல் காற்றில் இருக்கும். மீத்தேன் ஆயுசு குறைந்த வாயு, 12 வருஷம் போல. ஆனால் இருக்கும்வரை ஆடும் ஆட்டம் பெரிசு. 20 வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. அதனால்தான் மீத்தேனை இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும் என்கிறார்கள்.

இந்தியாவின் மொத்த உமிழ்வில் வேளாண்மையின் பங்கு சுமார் 14 சதவீதம். அந்தப் பதினான்கைப் பிரித்தால் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடுகளின் ஏப்பம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மாட்டின் மீத்தேன் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது, எல்லோரும் நினைக்கும் வழியாக அல்ல. அதற்கு அடுத்து உரம் போட்ட மண்ணும் நெல் வயலும், ஐந்தில் ஒன்று ஆறில் ஒன்று என்கிற அளவில். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நூறு நாடுகளுக்கு மேல் கையெழுத்திட்ட மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. இரண்டு மாடும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவரின் பிழைப்பில் கை வைக்க முடியாது என்பது அதன் வாதம். வாதம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாட்டுக்காரர் பின்னால் ஒளிந்துகொள்ள, ஆண்டுக்குப் பல நூறு கோடி விற்கும் கம்பெனிக்கு என்ன உரிமை?

ஒளிந்துகொள்ள விதியும் இடம் கொடுக்கிறது. கம்பெனிகள் உமிழ்வை மூன்று பேரேடுகளாக எழுதுகின்றன. முதலாவது தன் அடுப்பிலும் பாய்லரிலும் எரித்தது. இரண்டாவது வாங்கிய மின்சாரம். மூன்றாவது மற்றதெல்லாம்: வாங்கிய அரிசி, பால், அட்டைப்பெட்டி, விற்ற பொருள் கடைசியில் குப்பைக்குப் போவது வரை. உணவு கம்பெனிகளுக்கு மூன்றாவது பேரேடுதான் தொண்ணூறு சதவீதம். பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. அப்புறம் பெரிய கம்பெனிகளைச் சப்ளையர்களையும் சேர்க்கச் சொன்னது. பிறகு கொள்முதலில் தனியாக 2 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால் போதும் என்றது. கூடவே அதையும் விருப்பம்போல் செய்யலாம் என்று தளர்த்திவிட்டது. ஸ்டீல் கம்பெனிக்கு இந்த 2 சதவீதம் சரியாகப் பொருந்தும். ஆயிரக்கணக்கான பேரிடம் பால் வாங்கும் பண்ணைக்கோ மண்டியில் நெல் எடுக்கும் மில்லுக்கோ எந்த விவசாயி 2 சதவீதத்தைத் தொடுவார்? இருக்கிற புகையெல்லாம் யாருடைய பேரேட்டிலும் ஏறாமல் போய்விடுகிறது.

சரி, நெல்லுக்கு வருவோம். பெங்களூரில் சோற்றுக்கு சிந்தனூர், கங்காவதிப் பக்கத்து சோனா மசூரி. இட்லிக்குப் புழுங்கலரிசி, அதில் ஆரணி மில் மூட்டைகளை நம் தமிழ்க் கடைகளில் நிறையப் பார்க்கலாம். நெல்லில் மீத்தேனைக் குறைக்கப் புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம் விவசாயிகளும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கவிடாமல், ஒருமுறை பாய்ச்சி, மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவது. காயும்போது மண்ணுக்குள் காற்று போகிறது, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. எவ்வளவு காயவிடலாம் என்று பார்க்க, கீழ்ப்பாதியில் ஓட்டை போட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் நட்டுவிடுவார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மடை திறக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பல தடவை காயவிட்டால் மீத்தேன் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்படும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், அதைக் கழித்தாலும் லாபம்தான். தண்ணீரும் மிச்சம். பெங்களூரில் வாழும் தமிழன் காவிரித் தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவன் என்பதால், நான் மீத்தேனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லோரும் செய்யவில்லை? வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் முறை வைத்து வருகிறது. இன்று மடையை அடைத்துவிட்டு நான்கு நாள் கழித்து வேண்டும் என்றால் வருமா என்பது விவசாயிக்குத் தெரியாது. வரும்போது கட்டி வைத்துக்கொள்வதுதான் புத்தி. தண்ணீரை மிச்சம் பிடித்தால் கட்டணம் குறையப்போவதில்லை, பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம். தண்ணீர் நின்றால் களை அமுங்கிக் கிடக்கும். காயவிட்டால் களை எழும், களை எழுந்தால் ஆள் கூலி. டெல்டாவின் சம்பா பட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது வயலைக் காயவிடு என்று சொல்பவரை வரப்பிலிருந்து தள்ளிவிடுவார்கள். குறுவையில் முடியும், பம்புசெட் நிலத்தில் முடியும். எங்கே முடியும் என்று பார்த்து ஆரம்பிக்க வேண்டும்.

குறைத்த உமிழ்வைக் கார்பன் கிரெடிட் என்ற சான்றாக விற்று விவசாயிக்குக் கொடுக்கலாம் என்று நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஏக்கருக்கு மிச்சமாவது 450 கிலோ என்று வைத்து, டன் 15 டாலருக்கே விற்றாலும் ஏறக்குறைய 600 ரூபாய். அளப்பவர், சான்று தருபவர், இடைத்தரகர் எல்லோரும் எடுத்தது போக விவசாயி கைக்கு வருவது ஒரு ஆள் கூலிக்குக் கூட வராது. அதோடு நம்பகப் பிரச்சினை வேறு. சீனாவில் இதே காய்ச்சல் பாய்ச்சல் பெயரில் பதிவான 37 நெல் திட்டங்களை, கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா என்கிற அமைப்பே 2024 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. கம்பெனிகள் கிரெடிட் வாங்கி முடித்திருந்த பிறகு.

கிரெடிட்டைவிட நெல் விலையில் பேசுவது சுத்தமான வழி என்பது என் கட்சி. மாவு கம்பெனி இப்போது மில்லில் வாங்குகிறது. மில் நானூறு பேர் நெல்லைக் கலந்து அவிக்கிறது. அரிசி எந்த வயல் என்று மில்காரருக்கே தெரியாது. ஆனால் மில் ஒரு குறுகலான கழுத்து. அங்கே பிடித்தால் பிடித்ததுதான். ஒரு மில், ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஒரு ரகம், தனி மூட்டை, தனி அவிப்பு. இரண்டு மூன்று போகத்துக்கு ஒப்பந்தம். குழாய் நட்டு காயவிட்ட நெல்லுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல். ஏக்கருக்கு 2,400 ரூபாய் என்றால் களைக்கூலி போகக் கையில் நிற்கும். தரத்துக்கென்று தனி ஒப்பந்தம் போடுவது கம்பெனிகளுக்குப் புதுசா என்ன? சிப்ஸ் கம்பெனிகள் உருளைக்கிழங்குக்கு இதை வருஷக்கணக்கில் செய்கின்றன. கிழங்கின் சர்க்கரை அளவுக்கு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு வயலின் ஈரத்துக்கு விலை வைக்கத் தெரியாதா?

நீர் கட்டவே தேவையில்லாத நெல்லும் உண்டு. இங்கே பெங்களூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் எம்ஏஎஸ் 946-1 என்ற ரகத்தை வெளியிட்டுப் பல வருஷம் ஆகிறது. மானாவாரிப் பயிர் மாதிரி விதைத்துத் தண்ணீர் பாய்ச்சி எடுக்கலாம். அது இட்லிக்குச் சரிவருமா என்று மாவு கம்பெனிகள்தான் அரைத்துப் பார்க்க வேண்டும்.

உளுந்து பற்றி ஒரு வார்த்தை. பயறு வகை என்பதால் நைட்ரஜனைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், உரம் அதிகம் கேட்காது. மாவில் அது புண்ணியவான். டெல்டாவில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் தரிசு உளுந்து. பனி ஈரத்திலேயே வளர்ந்துவிடும். அரிசியும் வேண்டும் உளுந்தும் வேண்டும் என்கிற ஒரே தொழில் மாவுத் தொழில்தான். அதே வயலின் இரண்டையும் சேர்த்து வாங்குகிறேன் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நடப்பில், நாட்டுக்குள் விளைவது போதாமல் மியான்மரிலிருந்து கப்பல் கப்பலாக உளுந்து வந்து இறங்குகிறது.

யூரியா கதை தெரிந்ததுதான். 45 கிலோ மூட்டை 242 ரூபாய், அதற்கு மேல் வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும். இவ்வளவு மலிவான பொருளை யாரும் அளந்து போடமாட்டார்கள். அதை உண்டாக்க இயற்கை எரிவாயு எரிகிறது. வயலில் போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குப் போகாமல் நீரிலும் காற்றிலும் போகிறது. 2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசியது ஓரளவு உதவியது. இலை நிற அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை வெளுத்தால் மட்டும் போடுவது இன்னும் உதவும். ஒரு அட்டை ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இருக்காது. நெல் வாங்கும் கம்பெனி அட்டையையும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளையும் கொடுத்தால் போதும்.

பால்தான் பெரிய விஷயம். காலையில் நம் ஃபில்டர் காபியில் டிகாக்‌ஷனைவிடப் பால்தான் அதிகம். ஒரு கறவை மாடு வருஷத்துக்குச் சுமார் 50 கிலோ மீத்தேனை ஏப்பம் விடுகிறது. நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் மாடும் 3 லிட்டர் கறக்கும் மாடும் தின்பதில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் கறப்பில் உள்ள அளவு வித்தியாசம் இல்லை. அதனால் லிட்டருக்கு என்று வகுத்தால் குறைவாகக் கறக்கும் மாட்டின் பாலில் புகை இரட்டிப்பாகிவிடுகிறது. 2019 கணக்கெடுப்பில் நாட்டில் 19 கோடி மாடு, 11 கோடி எருமை. உலகில் அதிகம் பால் கறப்பதும் நாம்தான், மாடு ஒன்றுக்கு என்று பார்த்தால் குறைவாகக் கறப்பவர்களிலும் நாம் உண்டு. மாட்டுக்கு என்ன தீவனம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தாலே பால் கூடி, லிட்டருக்கு மீத்தேன் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்பதைத் தேசிய பால்வள வாரியம் ஊர் ஊராகச் செய்து காட்டிவிட்டது.

போன வருஷம் ஒரு நெய் கம்பெனியின் கணக்குக்காக மாலூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்குப் போயிருந்தேன். விடிகிற நேரம். வரிசையில் பெரும்பாலும் பெண்கள், சிலர் தெலுங்கு, சிலர் கன்னடம், இரண்டு பேர் தமிழ். ஒருவர் கேனைச் சாய்த்து ஊற்றியதும் செயலாளர் சின்னக் கப்பில் கொஞ்சம் எடுத்து மெஷினின் குழாயில் வைத்தார். அரை நிமிஷத்தில் சீட்டு வந்தது. கொழுப்பு 3.9. அந்த அம்மா சீட்டைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவரிடம், "நேத்து 4.1 இருந்துச்சு, பச்சப்புல்லு கொறஞ்சிடுச்சு போல அக்கா" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர், தசமப் புள்ளிக்கு அடுத்த எண்ணைப் பார்த்து மாட்டின் தீவனத்தை மாற்றுகிறார். ஏன்? அந்த எண்ணுக்குக் காசு உண்டு. இதைவிடப் பெரிய பாடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. கொழுப்புக்கு விலை வைத்ததால் நாடு முழுக்கக் கோடிக்கணக்கான கொட்டகைகளில் நடைமுறை மாறியது. தீவனத்துக்கும் அதே மாதிரி விலை வைக்க முடியும்.

மருந்தும் நம் ஊரிலேயே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் ஆடுகோடியைத் தாண்டும்போது, மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம். டிராஃபிக்கில் மணிக்கணக்காக நிற்கும் இடம்தான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. துவர்ப்பைத் தரும் டானின் நிறைந்த தாவரப் பொருள்களைச் சேர்த்து 'ஹரித் தாரா' என்று ஒரு தீவனச் சேர்க்கையை அங்கே செய்தார்கள். மாட்டின் மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறைகிறது என்கிறார்கள். அதற்கு முன்பு 'டாமரின் பிளஸ்' என்று ஒன்று, மூலப்பொருள் புளியங்கொட்டைத் தோல். தும்கூரிலும் கிருஷ்ணகிரியிலும் புளி உடைக்கும் வீடுகளில் மூட்டை மூட்டையாகக் கொட்டை கிடக்கும். அதன் தோலுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டில் இதற்கு 'போவேர்' என்ற ரசாயனச் சேர்க்கை இருக்கிறது. கறவை மாட்டில் 30 சதவீதம் போலக் குறைக்கும். ஐரோப்பா 2022-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதித்தன. பிரிட்டனில் ஆர்லா என்கிற பால் கூட்டுறவு 2024 கடைசியில் முப்பது பண்ணைகளில் சோதனை செய்யப்போவதாக அறிவித்ததும், சனங்கள் பாலைச் சிங்கில் கொட்டி வீடியோ போட்டார்கள். பாதுகாப்பானது என்று அரசு சொல்லியும் அடங்கவில்லை. மக்களிடம் முன்கூட்டியே விளக்காமல் பாலில் கை வைத்தால் இதுதான் நடக்கும். புளியங்கொட்டை என்றால் நம் ஊரில் அவ்வளவு பயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் மாட்டுக்காரர் இதை ஏன் வாங்குவார்? மீத்தேன் குறைந்தால் அவருக்குச் சீட்டில் எதுவும் ஏறாது. இங்கேதான் கூட்டுறவுகளின் கையில் ஒரு துருப்பு இருக்கிறது. நந்தினி பாலை விற்கும் கர்நாடகக் கூட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் ஒரே நாளில் ஒரு கோடி லிட்டர் வரை கொள்முதல் செய்தது. அதே கூட்டமைப்புதான் மாட்டுத்தீவனமும் தயாரித்து அதே சொசைட்டி வழியாக விற்கிறது. பால் போகும் வழியில் தீவன மூட்டை திரும்பி வருகிறது. சேர்க்கையை மூட்டையிலேயே கலந்து, கூடுதல் செலவைப் பால் விலையில் ஏற்றிக்கொண்டால், விவசாயி எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பிரான்ஸின் டனோன் பால் கம்பெனி 2030-க்குள் பாலின் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக 2023-ல் வாக்குக் கொடுத்தது. அதனிடம் இவ்வளவு குறுகலான, ஊர்வரைக்கும் போகும் குழாய் கிடையாது. நம்மிடம் இருக்கிறது.

சாணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குஜராத்தின் ஆனந்த் பக்கம் ஜக்கரியாபுரா என்ற ஊரில் வீட்டுக்கு வீடு சாண எரிவாயுக் கலன் வைத்து, மிஞ்சும் கழிவைப் பெண்களின் கூட்டுறவு வாங்கி உரமாக்கி விற்கிறது. அடுப்பும் எரிகிறது, கழிவுக்கும் காசு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாணத்தின் மீத்தேன் ஏப்பத்தின் முன் சின்னது என்பதை மறக்கக் கூடாது.

குளிர்பதனத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு. நான் கணக்குப் பார்க்கும் ஒரு இடத்தில் கோல்ட் ரூம் கூல் ஆகவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தார்கள். வந்தவர் வால்வைத் திறந்து, மிச்சமிருந்த கேஸைப் புஸ் என்று வெளியே விட்டார். "பழைய கேஸ் சார், புதுசா ஃபில் பண்ணிடலாம்" என்றார். அவர் விட்டது ஆர்-404ஏ. கிலோவுக்குக் கார்பன் டை ஆக்சைடைப் போல 3,900 மடங்கு. அந்த அரை நிமிஷத்தில் இரண்டு கிலோ போயிருந்தால் கிட்டத்தட்ட 8 டன். எட்டு ஏக்கர் நெல்லின் ஒரு போகத்து மீத்தேன். அண்ணாச்சி கடைக்கு வந்த பழைய டீசல் வண்டி ஏறக்குறைய ஐந்நூறு நாள் ஓடி விடக்கூடிய புகை. ரசீதில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரே வரி.

இதற்கு மாற்று எல்லாம் சந்தையில் இருக்கிறது. பெரிய கிடங்குக்கு அம்மோனியா, சின்ன ஃபிரீசருக்கு புரொபேன். கிகாலி ஒப்பந்தத்தை 2021-ல் ஏற்ற இந்தியா 2028-ல் ஆர்-404ஏ போன்ற வாயுக்களின் பயன்பாட்டை உறையவைத்து, 2032 முதல் குறைக்கத் தொடங்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், மெக்கானிக்கிடம் கேஸை சிலிண்டரில் பிடித்து எடுக்கச் சொல்வதும், வருஷத்துக்கு எத்தனை கிலோ கேஸ் நிரப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதுவதும் எந்தக் கம்பெனியும் நாளைக்கே செய்யக்கூடியது. நிரப்பிய அளவுதான் கசிந்த அளவு.

பிறகு திரும்பி வரும் பாக்கெட்டுகள். மாவு நான்கைந்து நாள் பொருள். விற்காததைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்பதால் கடைக்காரர்கள் கூடவே ஆர்டர் போடுவார்கள். மழை பெய்த ஞாயிறு மறுநாள் வண்டி வந்ததைவிடக் கனமாகத் திரும்பிப் போகும். குப்பைக்குப் போகும் ஒவ்வொரு கிலோ மாவும், வயல் மீத்தேனோடு சேர்த்து இரண்டாம் தடவை குப்பைமேட்டிலும் மீத்தேன் விடுகிறது. பெங்களூர்க் குப்பையின் நாற்றம் தாங்காமல் 2014-ல் மண்டூர் மக்கள் லாரிகளை மறித்தது ஞாபகம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட ஈரக் கழிவுதான். ரிட்டர்னுக்குக் கடைக்காரர் பங்காகக் கொஞ்சம் பிடித்தால் ஆர்டர் சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்தால் ஃபிரிட்ஜில் இடத்தைப் போட்டிக் கம்பெனி பிடித்துவிடும் என்பதால் யாரும் முதலில் செய்யமாட்டேன் என்கிறார்கள்.

இத்தனை பேர் வயலுக்கும் கணக்கு வைக்கவே முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் நான் சிக்மகளூரைக் காட்டுவேன். 2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டது. அமலாகும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். இருந்தாலும் இங்கே அம்பேத்கர் வீதியில் இருக்கும் காபி வாரியம் ஒரு ஆப் செய்து, குடகிலும் சிக்மகளூரிலும் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவரின் தோட்டத்தைக்கூட வரைபடப் புள்ளியோடு பதிந்துகொண்டிருக்கிறது. நம் காபியில் பெரும்பங்கு ஏற்றுமதி, அதில் நிறைய ஐரோப்பாவுக்கு. வாங்குபவர் கேட்டார், எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இட்லி மாவு வாங்குபவர் கேட்கவில்லை.

போன வாரம் அண்ணாச்சியிடம் பில்லின் பின்பக்கத்துக் கணக்கைக் காட்டினேன். 300 கிராம் அரிசிக்கு 450 கிராம் நெல், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்றால் பாக்கெட்டுக்கு 45 பைசா என்று சொன்னேன். அவர் மாவு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்த தேதி, விலை, உரிமம் எண், கஸ்டமர் கேர் நம்பர் எல்லாம் இருந்தது. அரிசி எந்த ஊர் என்று மட்டும் இல்லை.

"நாப்பத்தஞ்சு பைசாவா?" என்றார். "போன மாசம் பாக்கெட்டுக்கு அஞ்சு ரூவா ஏத்துனான் சார். நீங்க என்ன ஏதுன்னு கேக்காமத்தானே வாங்கிட்டுப் போனீங்க?"